வலைக்குப் பதிலாகச் சித்தூர்க்காரர்கள்

எங்கள் குப்பத்தில் ஏரி எல்லோருக்கும் பொது. ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரத்து இறால் மட்டும் முறை வைத்துத்தான். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருடத் தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் சீட்டுப் போட்டு, எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அந்த வீட்டுப் படகு, விடியற்காலையில் கோயில் மணி அடித்த பிறகு புறப்பட்டு, சூரியன் தலைகாட்டுவதற்குள் முகத்துவாரத்தில் வலை கட்டுவதற்கான முதல் கழியை ஊன்ற வேண்டும். ஊன்றினால் அன்றைய இறால் அந்த வீட்டுக்கு. ஊன்றாவிட்டால் பின்னாலேயே வந்து காத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரன் ஊன்றிவிடுவான்.

இதில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. வீட்டு ஆம்பளை செத்துப்போனால் மகன் ஊன்றலாம். மகன் இல்லாத வீட்டில் மருமகன் ஊன்றலாம். அதுவும் செத்ததற்கு அடுத்து வரும் முறையிலேயே ஊன்றிக் காட்ட வேண்டும். அன்றைக்குத் தவறினால் அந்த வீட்டின் பாடு ஊர்ப்பொதுவில் சேர்ந்துவிடும், பிறகு எந்தக் காலத்திலும் திரும்பாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்பேன். ஆனால் அவன் செத்து எத்தனை காலம் ஆயிற்றோ.

என் வீட்டுக்காரர் கேசவன் போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். எங்களுக்கு ஒரே பெண், பிரித்திகா. அவள் புருஷன் சைமன். ஆக, மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட பாடு, சித்தூரில் மலையையும் மாந்தோப்பையும் பார்த்து வளர்ந்த, நீச்சல் தெரியாத ஒரு பையன் கையில் வந்து நின்றது.

சைமனும் பிரித்திகாவும் ஸ்ரீசிட்டியில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவன் மெஷின் பழுது பார்க்கிறவன், அவள் பெட்டி கட்டுகிற பிரிவு. கல்யாணம் சித்தூரில், வெள்ளைக்காரன் காலத்து மிஷன் கோயிலில் நடந்தது. பாடினார்கள், எழுந்திருக்கச் சொன்னார்கள், உட்காரச் சொன்னார்கள், மறுபடியும் பாடினார்கள். எனக்குப் பசியில் உயிர் போனது. அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டோடு எனக்குப் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் போனில் நாலு வார்த்தை, அவ்வளவுதான். அவர்கள் படித்த குடும்பம். சத்தியநாதன் சம்பந்தி பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிருபாவதி சம்பந்தி அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு என்ன பேசுவது என்றே தெரியாது.

கழி ஊன்ற வர முடியுமா என்று சைமனிடம் கேட்டபோது, உடனே சரி அத்தை என்றான். இவனுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்தேன். எல்லாம் புரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

அடுத்த வேலை இஞ்சின். அவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மண்ணெண்ணெய் இஞ்சின், அவர் போன பிறகு கரையில் கிடந்து உப்பேறி இறுகிவிட்டது. பெட்ரோலில் ஓடும் புது இஞ்சின் வாங்கிப் படகின் பின்னால் மாட்டினோம். பழைய இஞ்சினின் காத்தாடி, அதாவது தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற அந்த மூன்று இதழ் விசிறி, புது இஞ்சினுக்குப் பொருந்தவில்லை. அதனால் விற்றவர்களின் ஆள் சென்னையிலிருந்து புதுக் காத்தாடியோடு வந்து, படகை ஓட்டிப் பார்த்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, அவனும் எங்கள் படகோட்டி கங்கையாவும் மட்டும் ஏறி ஓட்டினார்கள். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. எனக்கு அவர் இல்லையே என்று அழுகை வந்தது.

படகைக் காலியாக ஓட்டிப் பார்த்ததில்தான் கோளாறு. ஆனால் எங்களுக்கு வேறு வழியும் இல்லை. எங்கள் ஊரில் வலை ஏறிய படகு என்றால் தொழிலுக்குப் போன படகு என்று கணக்கு. முந்தைய காலத்தில் எவனோ ஒத்திகை பார்க்கிறேன் என்று வலையை ஏற்றிக்கொண்டு போய் இறாலையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டானாம். அதிலிருந்து, பாடு வரும் நாளுக்கு முன்னால் படகில் வலையும் கழியும் ஏறினால் அந்த வீடு தன் முறையை எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். எவனோ செய்த திருட்டுத்தனத்துக்கு நாங்கள் எல்லோரும் காலிப் படகை ஓட்டிப் பார்க்கிறோம்.

குட்டு ஒரு கல்யாணத்தில் உடைந்தது. ஏரிக்கு நடுவிலிருக்கும் தீவுக்குப் பெண்வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகக் கங்கையாவைக் கூப்பிட்டார்கள். ஆளும் சீர்வரிசைச் சாமானும் ஏறினதும் படகு எருமை மாதிரி நகர ஆரம்பித்தது. கைப்பிடியை முழுதாகத் திருகினாலும் இஞ்சின் முக்கியதே தவிர ஓடவில்லை. முகூர்த்தம் தவறிவிடுமோ என்று பெண்ணின் அத்தை படகிலேயே கங்கையாவைப் பிடித்துத் திட்டினாளாம். திரும்பி வந்த கங்கையா என்னிடம் மெதுவாகச் சொன்னான். வலை, கழி, ஆள் எல்லாம் ஏறினால் இதே பாரம்தான், இந்த வேகத்தில் போனால் வழியிலேயே சூரியன் முகத்தில் அடிக்கும் என்று.

ஊரில் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெட்ரோலில் கலப்படம் என்றார்கள். கண்ணுபட்டிருக்கிறது, பூசணிக்காய் உடை என்றார்கள். இன்னும் பெரிய இஞ்சின் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அவரை நான் சும்மா விடவில்லை.

சைமன் வேலை முடிந்து வந்து இஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கங்கையாவோடு ஒரு நடை போய்விட்டு, பயத்தில் வெளுத்த முகத்தோடு வந்தான். ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"அத்தை, இஞ்சின் மேல தப்பில்ல. பாகராப்பேட்டை மலை ரோட்ல லோடு ஏத்திக்கினு ஃபோர்த் கியர்ல ஏறுனா வண்டி எப்டி முக்கும்? அதான் இது. கியரு மாத்தணும். இதுக்குக் கியருன்னா காத்தாடிதான்."

பிறகு அவன் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். காத்தாடி ஒரு திருகாணி மாதிரி. ஒரு சுற்றுச் சுற்றினால் அது எவ்வளவு தூரம் முன்னே போகப் பார்க்கிறதோ அதை அங்குலத்தில் சொல்வார்கள். எங்களுடையது பதினோரு அங்குலம். காலிப் படகுக்கு அது சரி. பாரம் ஏறினால் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு தண்ணீரைத் தள்ள இஞ்சினுக்குத் தெம்பு போதாது. அங்குலம் குறைந்த காத்தாடி போட்டால் ஒரு சுற்றில் கொஞ்சம்தான் போகும், ஆனால் இஞ்சின் நன்றாகச் சுற்றும். முழு பாரத்தில் முழுதாக முறுக்கினால் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றாவது வர வேண்டும், காலியாக ஓடும்போது ஆறாயிரத்தைத் தாண்டவும் கூடாது. அதற்கு நடுவில் நிற்கிற காத்தாடி எதுவோ அதுதான் நம் காத்தாடி என்றான்.

சென்னைக் கடைக்காரர்களிடம் பேசி, ஒன்பது அங்குலத்தில் ஒன்று, ஏழு அங்குலத்தில் ஒன்று என்று இரண்டு வாங்கி வந்தான். பொருந்தாததை ஒரு கீறல் விழாமல் திருப்பிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். சுற்று எண்ணுகிற சின்னக் கருவி ஒன்றையும் எங்கேயோ இரவல் வாங்கியிருந்தான். எல்லாம் சரி, பாரத்துக்கு எங்கே போவது? வலையை ஏற்ற முடியாது. மணல் மூட்டை ஏற்றலாமா என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவர் படகில் நானே மண்ணை அள்ளிப் போடுவேனா என்று கத்தினேன். பாவம், அவன் அப்படியே பின்வாங்கி, தண்ணீர் நிரப்பலாமா என்றான். பீப்பாயில் தண்ணீர் அலைந்தால் படகு ஆடும், கணக்கு சரியாக வராது என்று கங்கையா சொன்னான். ஆள்தான் சரி. ஆனால் இறால் சீசனில் குப்பத்தில் சும்மா இருக்கிற ஆள் யார்? ஆண்கள் படகில், பெண்கள் ஏலக்கொட்டகையில். சைமனுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும், எங்கள் பாடு அதற்கடுத்த வியாழக்கிழமை.

சைமன் தலையைச் சொறிந்துகொண்டு, நான் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். எந்த ஊர் ஆள் என்று அவன் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. சத்தியநாதன் சம்பந்தி இறங்கினார். அவர் தம்பி காலேப் இறங்கினார். கிருபாவதி சம்பந்தி, அவருடைய நாத்தனார்கள், சபையில் கூடப் பாடுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதே இல்லாத குடும்பம். அன்றைக்குச் சித்தூரிலிருந்து இருட்டோடு கிளம்பி, வேனிலேயே ஜெபம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. நல்ல ஆகிருதியான குடும்பம் வேறு. கங்கையா அவர்களைக் கண்ணாலேயே எடைபோட்டு, வலைப் பாரத்துக்கு மேலேயே வரும் அம்மா, இரண்டு பேரை இறக்கிவிடலாம் என்று என் காதில் சொன்னான்.

மிதவைச் சட்டைகள் இரவல் வந்தன. சத்தியநாதன் சம்பந்திக்கு எந்தச் சட்டையும் வயிற்றில் பூட்டவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம். அவர் என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அசையாமல் உட்கார வைத்தே பழக்கம், இன்றைக்கு என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

நானும் ஏறினேன். சம்பந்திகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு நான் கரையில் நிற்பதா?

முதலில், மாட்டியிருந்த பதினோரு அங்குலக் காத்தாடி. கங்கையா தரை தட்டாதபடி ஆழமான வழியாகப் பார்த்து ஓட்டினான். முழுதாக முறுக்கியதும், சைமன் கருவியைப் பார்த்து நாலாயிரத்து முந்நூறு என்று கத்தினான். கரைக்கு வந்து ஒன்பதை மாட்டினார்கள். நாலாயிரத்து எழுநூறு. முன்னைக்குப் பரவாயில்லை, ஆனாலும் போதாது. மறுபடியும் கரை. நடுவில் பாட்டு வேறு. பயத்தை மறக்கக் காலேப் ஆரம்பித்தார், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணத்தில் எனக்கு அலுத்துப்போன அதே மாதிரிப் பாட்டு, ஏரி நடுவில் கேட்க நன்றாகவே இருந்தது.

கிருபாவதி சம்பந்தி மட்டும் பாடவில்லை. ஏறினதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடித்த இடம் சிவந்துவிட்டது. முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கங்கையா கடைசிக் காத்தாடியை மாட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், படகு கரையில் நின்றும் சம்பந்தி கண்ணைத் திறக்கவில்லை, உதடு வெளிறியிருந்தது. நீங்கள் இறங்கிவிடுங்கள் சம்பந்தி, வேனில் மிச்சம் இருக்கிறவர்களில் ஒருவர் உட்காரட்டும் என்றேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"வெதுருகுப்பத்துல எங்க அண்ணன் ஏரிக்குக் குளிக்கப் போனவன் திரும்பி வரல, சம்மந்திம்மா. அதுலருந்து நான் தண்ணிகிட்டயே போனதில்ல. சைமனுக்கு நீச்சல் கத்துக்குடுக்காததும் என்னாலதான்."

அப்படியென்றால் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அதட்டல் மாதிரிதான் வந்தது, என் குரல் அப்படி.

"எம்புள்ளைய இந்தத் தண்ணிக்கு அனுப்பப்போறேன். அது எப்டி கீதுன்னு நானும் ஒருவாட்டி ஒக்காந்து பாக்கணும். என்ன எறங்கச் சொல்லாதீங்க."

அதுவரைக்கும் நான் என் வீட்டுப் பாடு ஒன்றை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மருமகன் என்றால் கழி ஊன்ற ஒரு கை என்றுதான் எனக்குக் கணக்கு. அந்தக் கைக்கு ஒரு தாய் இருக்கிறாள், அவள் இத்தனை வருடம் அதைத் தண்ணீர் படாமல் காப்பாற்றி வைத்திருக்கிறாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. மூன்று தலைமுறைச் சோறாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது.

"சம்மந்திம்மா, வேணாம்னா ஒரு வார்த்த சொல்லுங்க. பாடு போனாப் போவுது. நான் மீன் வித்துப் பொழச்சிக்குவேன்."

"போவக்கூடாது" என்றார் கிருபாவதி. "அதுக்குத்தான இத்தினி பேரும் வந்து ஒக்காந்துகினு கீறோம்."

சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை நானும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏழு அங்குலக் காத்தாடியோடு கங்கையா படகைத் திருப்பினான். கைப்பிடியை முறுக்கினான். இஞ்சின் முக்கவில்லை. சத்தம் ஏறி ஏறி ஒரே சீராக நின்றது. படகின் மூக்கு கொஞ்சம் தூக்கி, பிறகு சமமாகி, அத்தனை சித்தூர்க்காரர்களையும் சுமந்துகொண்டு ஓடியது. சைமன் கருவியைக் கண்ணருகில் வைத்துப் பார்த்து, ஐயாயிரத்து நூற்றைம்பது என்றான். கங்கையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலியாக ஓட்டிப் பார்த்தார்கள். ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. வேகம் முன்னைவிடக் குறைவுதான். காலிப் படகில் பறந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு மதியம் எல்லோருக்கும் என் கையால் சோறு போட்டேன். மீன் குழம்பு, நண்டு வறுவல். சாப்பிடுமுன் சத்தியநாதன் சம்பந்தி என் வீட்டுக்காகவும், கேசவனுக்காகவும், படகுக்காகவும், காத்தாடிக்காகவும்கூட ஜெபம் செய்தார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று கை கூப்பி நின்றேன்.

வியாழக்கிழமை விடியலில் கோயில் மணி அடித்தது. வலையும் கழியும் ஆட்களும் ஏறிய படகில் முன்பக்கம் சைமன் உட்கார்ந்திருந்தான், மிதவைச் சட்டையை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு. படகு போனது. இஞ்சின் சத்தம் நடுவில் எங்காவது தேய்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தேயவில்லை. கிழக்கே சிவப்பாகிக்கொண்டிருந்தபோது முகத்துவாரத்திலிருந்து ஊர்ப் பெரியவருக்குப் போன் வந்தது. அவர் என் பக்கம் திரும்பி, ஊன்றிவிட்டான் கோதை, உன் வீட்டுப் பாடு உனக்கே நின்றது என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் கும்பிட்டேன். ஆனால் கரையை விட்டு நகரவில்லை.

வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு படகு வந்தது. நிறைய இறால். கூட்டம் கூடைகளைப் பார்க்க ஓடியது. நான் சைமனைப் பார்த்தேன். உடம்பெல்லாம் உப்பும் சேறும். கைத்தோல் உரிந்திருந்தது. தண்ணீரில் தடுமாறி இறங்கி, முழங்கால் அளவு, கணுக்கால் அளவு என்று நடந்து, காய்ந்த மணலில் கால் வைத்தான். உடனே போனை எடுத்துச் சித்தூருக்குப் போட்டேன். முதல் மணி முடிவதற்குள் கிருபாவதி சம்பந்தி எடுத்துவிட்டார்.

"கரைக்கு வந்துட்டான் சம்மந்திம்மா" என்றேன். "மணல்ல நிக்கிறான். என் கண்ணு முன்னால நிக்கிறான்."

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். பிறகு கிருபாவதி கேட்டார், "கழி ஊனுனானா? ஒங்க பாடு நின்னுதா?"

அதை நான் சொல்லவே இல்லை. ஒரு வருடமாக எதற்காகத் தூங்காமல் கிடந்தேனோ, எதற்காக ஊரையெல்லாம் திட்டினேனோ, அது விடியலிலேயே முடிந்துவிட்டது, எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவருக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

"நின்னுது" என்றேன். "நீங்கல்லாம் வந்து ஒக்காந்ததாலதான் நின்னுது."

இரண்டு பேருக்குமே போனை வைக்க மனசு வரவில்லை. பிரித்திகா ஓடி வந்து, இறாலைப் பார்க்க வரவில்லையா அம்மா என்று கேட்டாள். வருகிறேன், நீ முதலில் சைமனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு என்றேன்.